ஆளுக்கொரு மென்பொருள்

சர்க்யூட் போர்டு செய்து பழகும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் புதிதாகச் சேர்கிற எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து பஸ் ஏறி, அத்தனை கொண்டை ஊசி வளைவையும் சுற்றி, மலைமேல் செம்மேட்டில் நான் இறங்கித் தலை நிற்பதற்குள் கேட்டுவிடுகிறீர்கள். கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்துகொண்டிருப்பவளைப் பார்த்துப் பாவம் என்றுகூட நினைப்பதில்லை.

"ஏனுங்க அக்கா, போர்டு வரையறதுக்கு ஃப்ரீ சாஃப்ட்வேர்லயே எதுங்க நல்லது?"

கேள்வியில் தப்பில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் ஒரே தடவையாக இங்கே எழுதிவிடுகிறேன். இனி நான் பஸ்ஸிலிருந்து இறங்கினால் முதலில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், பிறகு பேசலாம்.

எந்த மென்பொருளில் எத்தனை அடுக்கு வரையலாம், எதில் எத்தனை ஆயிரம் பாகங்கள் தயாராக இருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பேசும் வீடியோக்கள் ஏராளமாக இருக்கின்றன. அதையெல்லாம் நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. எந்தக் கத்தி நல்ல கத்தி என்று கடையில் கேட்டால், கடைக்காரர் பத்துக் கத்தியை எடுத்துப் போடுவார். பலாப்பழம் அரிந்து பழகியவள், கத்தி இருக்கட்டும், தடவ எண்ணெய் இருக்கிறதா என்றுதான் கேட்பாள். நான் சொல்லப் போவது அந்த எண்ணெயைப் பற்றி.

சேலத்தில் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டு வரைகிற வேலைதான் நான் ஓய்வு பெறும் வரை பார்த்தது. நாங்கள் வரைந்ததைச் சரிபார்க்க அங்கே ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. நான் சேர்ந்த புதிதில் என் முதல் போர்டை அழகாகக் கலர் பிரிண்ட் எடுத்து அவர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் இடத்துக்கு வந்து நின்று, "எந்திரி" என்றார். எழுந்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்து, என் ஃபைலைத் திறந்து, ஒவ்வொரு செம்புத் தடத்தையும் தன் கையாலேயே அளந்தார். அரை நாள் நின்றுகொண்டே இருந்தேன்.

முடித்துவிட்டு, "போட்டோவப் பாத்துப் பொண்ணு வேணா முடிவு பண்ணலாம். போர்ட முடிவு பண்ணக் கூடாது" என்றார்.

"பொண்ணையும் முடிவு பண்ணக் கூடாதுங்க சார்" என்றேன். அப்போது எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்த எரிச்சல். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த உவமையை அவர் வேறு யாரிடமும் சொல்லிக் கேட்டதில்லை.

அவரை இங்கே எதற்கு இழுக்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

நான் இந்தக் கூட்டத்துக்கு வருவதற்கு முன்பே, இங்கிருந்தவர்கள் ஒரு முடிவு எடுத்து வைத்திருந்தார்கள். எடுத்தவர் ராசு. திண்ணனூர் நாட்டுக்காரர் (இந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு), வயரிங் வேலை செய்கிறவர், ஓய்ந்த நேரத்தில் பம்ப் மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் போர்டு செய்து பார்ப்பவர். எந்த மென்பொருளைக் கற்றுக்கொள்வது என்று பேச்சு வந்தபோது அவர் சொன்னாராம்:

"நம்ம மலையில எவனாச்சும் ஒத்த விதைய நம்பி விதைக்கறானுங்களா? சாமை போனா தினை நிக்கும். என்ற ஊட்டுல விதை போச்சுன்னா உங்க ஊட்டுல வாங்கிக்குவன். எல்லாரும் ஒரே சாஃப்ட்வேரக் கத்துக்கிட்டு, நாளைக்கு அவன் காசு கேட்டான்னா? கடைய மூடிட்டுப் போயிட்டான்னா? எல்லாரும் ஒண்ணாப் போயிருவோமுங்க. ஆளுக்கு ஒண்ணு கத்துக்குவோம்."

மலைக்காரர்களுக்கு இந்தப் பேச்சு உடனே ஏறிவிட்டது. ஏறத்தானே செய்யும். இங்கே ஒரு வீட்டில் விதை கெட்டுப்போனால் அடுத்த வீட்டுக்காரர் வள்ளம் என்கிற அளவுப்படியில் அளந்து கொடுப்பார். அறுப்பு முடிந்ததும் அதே வள்ளத்தில் அளந்து, கொஞ்சம் கூட்டிப் போட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வீடு வெவ்வேறு விதை இருப்பதால்தான் மலையில் எந்த விதையும் முழுக்க அழிவதில்லை. அந்தக் கணக்கையே கம்ப்யூட்டருக்கும் போட்டார்கள். ஒருவர் ஒன்றைப் பிடித்தார், அடுத்தவர் அதைத் தொடாமல் வேறொன்றைப் பிடித்தார். ராசு பிடித்தது இலவசமாக வந்தாலும் போர்டின் அளவுக்கு எல்லை கட்டிவிடும். அதனால் ஒரு ஸ்டார்ட்டரை இரண்டு போர்டாகப் பிரித்து வரைந்து, நடுவில் வயர் போட்டு இணைத்து வைத்திருந்தார். கேட்டால், "பாகப்பிரிவினை ஆயிப்போச்சுங்க" என்பார்.

எனக்கும் முதலில் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் கம்பெனியில் ஒரு நாள் காலை, லைசென்ஸ் முடிந்துபோய், ஒரு ஃபைலும் திறக்காமல், ஆபீஸே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான். ஒன்றையே நம்பினால் என்ன ஆகும் என்று தெரியும். ஆளுக்கொன்றாகப் பிரிந்தால் என்ன ஆகும் என்று பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

இனி பூங்கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆலத்தூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். எங்கள் கூட்டத்திலேயே சால்டரிங் சுத்தமாக இருப்பது அவள் கையில்தான். கெட்டுப்போன ஒரு ஃப்ரிட்ஜை வாங்கி, உள்ளே ஹீட்டரும் ஃபேனும் தண்ணீர்த் தட்டும் வைத்து, நாட்டுக்கோழி முட்டை பொரிக்கும் பெட்டியாக மாற்றியிருந்தாள். சூடு ஏறினால் அணைக்கவும் இறங்கினால் போடவும் ஒரு கன்ட்ரோலர் போர்டு வேண்டும். அதை அவளே வரைந்தாள். அவள் பங்குக்கு வந்தது இன்டர்நெட்டிலேயே ஓடுகிற மென்பொருள். பழைய லேப்டாப்பில் எதையும் ஏற்ற வேண்டாம், பிரவுசரைத் திறந்தால் போதும். முடித்ததும் போர்டு எப்படி இருக்கும் என்று அசல் மாதிரியே படமும் காட்டும்.

அந்தப் படத்தை அவள் கூட்டத்துக்குப் போனில் கொண்டுவந்த வாரம் நான் வரவில்லை. போன் கை மாறிக் கை மாறிப் போனதாம். பச்சைப் பசேல் என்று போர்டு, வெள்ளை எழுத்து, மூலையில் அவள் பெயர். எல்லோரும் சூப்பர் என்றார்கள். ஃபைலைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் வழியில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலும், அந்த மென்பொருளில் அளவுகோல் எந்த மூலையில் இருக்கிறது என்று வேறு யாருக்கும் தெரியாது. போர்டு அடித்துக் கொடுக்கிற கம்பெனிக்கு ஆர்டர் போய், நல்லபடியாக வந்து, பெட்டியில் ஏறியது. கூடுதலாக வந்த போர்டுகளை, விதை கொடுப்பது மாதிரி, கூட்டத்தில் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டாள்.

பெட்டி ஓடியது. முதல் தடவை அவள் வீட்டு முட்டைகளை மட்டும் வைத்துப் பார்த்தாள், நன்றாகப் பொரிந்தது. அதன் பிறகு அக்கம் பக்கத்து வீடுகளுக்குப் போய் அவளே பேசினாள். கோழி அவயத்தில், அதாவது அடையில், உட்கார்ந்துவிட்டால் முட்டையிடுவதை நிறுத்திவிடும். முட்டையை என் பெட்டிக்குக் கொடுங்கள், அவயக்கோழியைக் கூடைக்கடியில் அடைத்து வையுங்கள், அவயம் தெளிந்து சீக்கிரம் மறுபடி முட்டையிடும் என்றாள். முதலில் தயங்கினார்கள், பிறகு கொடுத்தார்கள். ஒவ்வொரு முட்டையிலும் அந்தந்த வீட்டின் அடையாளத்தைப் பென்சிலால் போட்டு அடுக்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிடித்த மழையில் மலை ரோட்டில் பாறை சரிந்தது. பஸ் இறங்காது என்று சொல்லிவிட்டார்கள். கூட்டம் முடிந்து கைப்பையோடு நின்றுகொண்டிருந்த என்னை, "எங்க ஊட்டுக்கு வாங்கக்கா, பெட்டியயும் பாத்த மாதிரி ஆச்சு" என்று பூங்கொடி கூட்டிப் போனாள்.

மறுநாள் காலையில் வீட்டுக்குள்ளேயே பனி வந்து நின்றது. பூங்கொடி முட்டைகளைத் திருப்பிவிடப் போனாள். பெட்டி இருந்த அறை வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போனாள். வீட்டுக்குள் செருப்பா என்று கேட்டேன்.

"அதுங்களாக்கா? பனி எறங்குன நாள்ல கைப்பிடியத் தொட்டா சுருக்குங்குது. செருப்பப் போட்டுக்கிட்டா ஒண்ணுந் தெரியறதில்லீங்க."

குழம்பில் புளி தூக்கலாக இருந்தால் கொஞ்சம் வெல்லம் போட்டுக்கொள்ளலாம் என்பது போலச் சொன்னாள். தகரத்தில் கரண்ட் கசிகிறது என்று எனக்குப் புரிந்தது. பயந்துவிட்டேன் என்பதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. இந்தத் தொழிலில் பயப்படத் தெரியாதவர்களோடு நான் வேலை செய்ததில்லை.

டெஸ்டரை வாங்கிக் கைப்பிடியில் வைத்தேன். மங்கலாக எரிந்தது.

"அடாப்டர் இருக்குற எல்லாத்துலயும் அப்படி லேசா எரியறதுதானுங்களே அக்கா. வீடியோவுலயே சொல்றாங்க" என்றாள். அவள் சொன்னதும் உண்மைதான். மங்கலான டெஸ்டரை வைத்துக்கொண்டு எதையும் சாதிக்க முடியாது. ப்ளக்கைப் பிடுங்கச் சொல்லி, கன்ட்ரோலர் மூடியைக் கழற்றினேன்.

போர்டில் காலியாக இருக்கும் இடத்தை எல்லாம் செம்பால் நிரப்பிவிடும் வசதி எல்லா மென்பொருளிலும் உண்டு. ஒரு பட்டனை அழுத்தினால் போதும். பூங்கொடியும் அழுத்தியிருந்தாள். அந்தச் செம்பு போர்டு முழுக்கப் பரவி, ஹீட்டரைப் போட்டு அணைக்கும் ரிலே என்ற சுவிட்சின், வீட்டுக் கரண்ட் வந்து போகிற கால்கள் வரைக்கும் போய், ஒரு முடி அளவு இடைவெளி விட்டு நின்றிருந்தது. அங்கே அரை விரல் அகலமாவது விட்டிருக்க வேண்டும். அதே செம்பு இன்னொரு பக்கம், மூலைத் திருகாணி வழியாக ஃப்ரிட்ஜின் தகரத்தைத் தொட்டது. ரிலேக் காலுக்கும் செம்புக்கும் நடுவே எறும்பு ஊர்ந்த தடம் போலப் பழுப்பாக ஒரு கோடு. கரிய ஆரம்பித்திருந்தது.

"இந்தச் சுவத்துல எர்த் இருக்குதா கண்ணு?"

"ஓட்டை மூணு இருக்குதுங்க. ஒயரு ரெண்டுதான் வருது."

"ஃபைலச் செக் பண்ணினியா?"

"பண்ணுனனுங்களே. ஒரு தப்பும் இல்லைன்னு பச்சை டிக்கு காட்டுச்சு."

காட்டும். எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று நாம் சொல்கிறோமோ அதை வைத்துத்தான் மென்பொருள் சரிபார்க்கும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், பேட்டரியில் ஓடுகிற பொம்மைக்குப் போதுமான இடைவெளியை அதுவாக வைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் வீட்டுக் கரண்ட் போகிறது என்று அதற்குத் தெரியாது. அது தெரிந்த மனிதர் ஒருவர் ஃபைலைத் திறந்து பார்க்க வேண்டும். சேலத்தில் எங்கள் சரிபார்ப்பவராக இருந்தால், "எந்திரி" என்று சொல்லி உட்கார்ந்த உடனே பிடித்திருப்பார்.

லேப்டாப்பைத் திறந்தாள். மழையில் டவர் போயிருந்தது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததே தவிர ஃபைல் வரவில்லை. கூடுதல் போர்டு ஒன்றாவது இருந்தால் கத்தியால் செம்பைச் சுரண்டிவிட்டுப் பாகங்களை மாற்றிப் பார்க்கலாம். எல்லாவற்றையும்தான் பங்கு வைத்தாயிற்றே. இருக்கிற போர்டைச் சுரண்டி நம்ப முடியாது. ஒரு தடவை கரிந்த இடம் அடுத்த ஈரத்தில் மறுபடி கரண்ட்டைக் கடத்தும்.

"கண்ணு, இதை நிறுத்திரோணும்" என்றேன்.

அவள் லேப்டாப்பை மூடினாள். மூடியை மாட்டினாள். ப்ளக்கைத் திரும்பச் செருகினாள். பெட்டி உறுமிக்கொண்டு சூடேற ஆரம்பித்தது. ஒரு முட்டையை எடுத்து டார்ச் லைட்டில் எனக்குக் காட்டினாள். உள்ளே அசைந்தது.

"இன்னும் நாலஞ்சு நாளுதானுங்க அக்கா. எல்லாத்துலயும் உசுரு வந்திருச்சு. நான் செருப்போடயே தொட்டுக்கறன். எல்லா ஊட்டு முட்டையும் உள்ள இருக்குதுங்க. நாந்தான் போய்க் கேட்டு வாங்குனன். இது போச்சுன்னா, அடுத்த தடவை என்ற மூஞ்சிய நம்பி யாருங்க குடுப்பாங்க?"

அவள் முட்டைக் கணக்குப் போடவில்லை. அந்த ஊரில் அவள் சொல்லுக்கு இருந்த மதிப்பைத்தான் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அது புரிந்தது. புரிந்ததால்தான் கஷ்டமாக இருந்தது. நாலைந்து நாளில் ஒன்றும் நடக்காமலே போகலாம். வெயில் அடித்துப் பனி விலகிவிட்டால் அந்தச் சுருக்குகூட நின்றுவிடலாம். நடக்கும் என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஒரு மங்கலான டெஸ்டரும் ஒரு பழுப்புக் கோடும்தான் இருந்தன. புதிதாக வந்த நீங்கள் இதைத்தான் கவனிக்க வேண்டும். முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் முழு விவரம் யார் கையிலும் இருக்காது. எல்லாம் தெரிந்த பிறகு எடுப்பதற்குப் பெயர் முடிவு அல்ல, பஞ்சாயத்து.

நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள் அடுத்த வீட்டுக் காளியம்மா வந்துவிட்டார். பூங்கொடிக்குச் சித்தி முறை. தன் முட்டைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போக தினமும் வருவாராம், மற்ற நாட்களில் பூங்கொடிதான் பெட்டியைத் திறந்து காட்டுவாளாம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பனியில் நனைந்த காலோடு நேராக அறைக்குள் வந்து, "என்ன பூங்கொடி, குஞ்சு சத்தம் கேக்குதா?" என்றபடி ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்குக் கையை நீட்டினார்.

நான் எழுந்திருக்கவே இல்லை. அதற்குள் பூங்கொடி ப்ளக்கைச் சுவரிலிருந்து வயரோடு இழுத்துவிட்டாள். "தொடாதீங்க சித்தி."

பெட்டியின் உறுமல் நின்றது. காளியம்மா நீட்டிய கையோடு நின்றார். பூங்கொடி தன் காலில் இருந்த செருப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"செருப்பு எனக்கு மட்டுந்தானுங்க அக்கா இருக்குது. பாக்க வாரவங்க எல்லாரும் வாசல்லயே கழட்டிட்டுத்தான வாராங்க."

வயரைச் சுருட்டிப் பெட்டிக்கு மேலே வைத்தாள்.

காளியம்மாவிடம் உள்ளதை உள்ளபடியே சொன்னாள். அவர் நீட்டிய கையை இறக்கிப் பெட்டியைப் பார்த்தார். பிறகு, "என்ற ஊட்டுல ரெண்டு அவயக்கோழி கூடைக்குள்ள கெடந்து கத்திட்டிருக்குது. முட்டைய எடுத்துட்டு வா, ஆறிப்போகுது" என்றார்.

அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. பெட்டிக்கு முட்டை கொடுத்த வீடுகளில், இன்னும் அவயம் தெளியாததும் புதிதாக அவயத்துக்கு வந்ததுமாக, உட்கார முட்டையில்லாத கோழிகள் கூடைக்கடியில் கிடந்தன. பழைய சேலையில் முட்டைகளைச் சுற்றிக் கூடையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். கோழி கிடைக்காத முட்டைகளுக்கு ஒரு அட்டைப்பெட்டிக்குள் பல்ப் தொங்கவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சூட்டைப் பார்த்து அணைத்து அணைத்துப் போட்டேன். சில வீடுகளில் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். ஒரு வீட்டில், "ஏனம்மிணி, கோழி செய்யற வேலைய ஃப்ரிட்ஜு செய்யுமான்னு நான் அன்னிக்கே கேட்டனா இல்லியா?" என்றார்கள். எல்லா வீட்டிலும் பூங்கொடி சொன்னது ஒரே வார்த்தைதான்.

"போர்டு நான் வரைஞ்சதுதானுங்க. அதுல தப்பு இருந்துச்சு."

மென்பொருள் மேல் பழி போடவில்லை. படத்தைப் பார்த்துச் சூப்பர் சொன்ன எங்கள் கூட்டத்தின் மேலும் போடவில்லை. அவளோடு நடந்துபோனதில் எனக்குப் பெருமையாக இருந்தது. சேலத்தில் பெரிய சம்பளம் வாங்கியவர்கள் எத்தனையோ பேர் அந்த வாக்கியத்தைச் சொல்லத் தெரியாமலே ஓய்வு பெற்றுப் போனார்கள்.

அடுத்த நாள் ரோடு திறந்ததும் நான் இறங்கிப் போய் நாமக்கல்லில் ரெடிமேட் கன்ட்ரோலர் ஒன்று வாங்கி பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். அதற்குள் வேலை கோழிகளின் கைக்குப் போய்விட்டது. நிறையப் பொரிந்தது, சிலது கூமுட்டையாகப் போனது. அட்டைப்பெட்டியில் நான் காத்தவைதான் அதிகம் வீணாகின, அதை வைத்துக் கூட்டத்தில் இன்னும் கிண்டல் செய்கிறார்கள். ஒரு வீட்டில் கோழி பாதியிலேயே எழுந்து போய்விட்டதாம். காளியம்மா அதற்கும் ஒன்று வைத்திருந்தார். "மெஷினு மட்டுமா, கோழியுந்தான் பாதில எந்திரிச்சுப் போகுது. அதுகிட்டப் போயி எவ சண்டை போடறது?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூங்கொடி கரிந்த போர்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள். கொடுத்த போர்டுகளை எல்லாம் திருப்பிக் கேட்டு வாங்கி, அதன் பக்கத்திலேயே அடுக்கினாள். யாரும் அவற்றை இன்னும் மாட்டியிருக்கவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

ராசு அந்தப் பழுப்புக் கோட்டைப் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். வயரிங் வேலை செய்கிறவருக்கு அதைப் பார்த்தால் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

"இந்த எடத்த அன்னிக்கு நான் தெறந்து பாத்திருந்தா கண்ண மூடிட்டுச் சொல்லியிருப்பனுங்க" என்றார். "என்னாலதான் தெறக்க முடியாதே. விதை ஆளுக்கு ஒண்ணு வெக்கலாம்னு சொன்னது சரிதான். நான் என்ன பண்ணீட்டன்னா, அளக்கற வள்ளத்தையும் ஆளுக்கு ஒண்ணா வெக்கச் சொல்லீட்டன்."

உடனே வேலையை ஆரம்பித்தோம். அவரவர் லேப்டாப்பை எடுத்து வந்து மேஜையில் வைத்தோம். இறக்க வேண்டியதை எல்லாம் இறக்கிக்கொண்டு, எல்லோரும் நெட்டை அணைத்தோம். ஒவ்வொரு மென்பொருளாக எடுத்து, ஒருவர் வரைந்த ஃபைலை அடுத்தவர் லேப்டாப்பில் திறக்கப் பார்த்தோம். பூங்கொடியுடையது நெட் இல்லாமல் திறக்கவே இல்லை, இன்னொன்று பாஸ்வேர்டு கேட்டது. ஒன்று போர்டு பெரிதாக இருக்கிறது, காசு கட்டு என்றது. ஒன்று பழைய லேப்டாப்பில் திறக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. கடைசியில் நின்றது ஒன்றுதான். யாருக்கும் சொந்தமில்லாமல், பலர் சேர்ந்து செய்து பொதுவில் விட்ட மென்பொருள். பார்க்க அவ்வளவு லட்சணம் கிடையாது. பூங்கொடிக்கு ஆரம்பத்தில் அதைக் கண்டாலே ஆகவில்லை. "புது மாமியா ஊட்டுச் சமையக்கட்டு மாதிரி இருக்குதுங்க, கரண்டி எங்க இருக்குதுன்னே தெரியல" என்று புலம்பிக்கொண்டேதான் கற்றுக்கொண்டாள். ராசு தன் மென்பொருளை விட்டுக்கொடுத்த வருத்தத்தில் பல வாரம் என் டீக்குக் காசு கொடுக்கவில்லை.

விதைப் பேச்சையும் நாங்கள் தூக்கிப் போட்டுவிடவில்லை. நாளைக்கு நம்முடையதற்கும் ஏதாவது ஆகலாம் என்று ராசு வேறொன்றையும் பழக்கத்தில் வைத்திருக்கிறார். அது அவர் கணக்கு. ஆனால் ஆர்டருக்குப் போகிற எந்த போர்டும் எங்கள் எல்லோராலும் திறக்க முடிகிற ஃபைலாகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதன் பெயரை இங்கே நான் எழுதவில்லை. கூட்டத்துக்கு வந்தால் நீங்களே பார்க்கலாம். சில வருடங்களில் அதைவிட நல்லது வரவும் கூடும். நெட்டை அணைத்துவிட்டு உங்கள் ஃபைலைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். அவர் லேப்டாப்பில் அதைத் திறந்து, இந்த இடம் தப்பு என்று விரலை வைத்துக் காட்ட முடிகிறதா? அப்படிக் காட்ட முடிகிற மென்பொருள் உங்களுக்கு நல்லது. விரல் வைக்க ஆளே இல்லாத மென்பொருள் எவ்வளவு அழகாகப் படம் காட்டினாலும் எனக்கு வேண்டாம். வீட்டுக் கரண்ட் போகிற போர்டு என்றால், உங்களுக்கும் வேண்டாம்.

பூங்கொடி அந்த போர்டை மறுபடி முதலிலிருந்து வரைந்தாள். ஃபைலைக் கொண்டுவந்த அன்று போனை யாரிடமும் நீட்டவில்லை. தன் நாற்காலியை விட்டுத் தானாக எழுந்து நின்று, "உக்காருங்கக்கா" என்றாள். நான் அளந்தேன். பிறகு ராசு அளந்தார். பிறகு மற்றவர்கள். மூன்று இடத்தில் தப்புச் சொன்னோம், ஒன்றுக்கு அவள் எங்களையே மடக்கினாள். அவள் வீட்டுச் சுவருக்கு எர்த் கம்பி போட ராசுவே போனார்.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அன்றும் பனி. பெட்டியில் முட்டை நிறைய இருந்தது, பென்சில் அடையாளங்களில் பழைய வீடுகள் எல்லாம் இருந்தன, புதிதாகச் சில வீடுகளும் இருந்தன. முட்டைகளைத் திருப்ப அவள் அறைக்குள் போனபோது நான் தரையைத்தான் பார்த்தேன். அறை வாசலில் அந்த ரப்பர் செருப்பு இல்லை. திரும்பிப் பார்த்தேன். வீட்டு வாசலில், என் செருப்புக்கும் காளியம்மாவின் செருப்புக்கும் பக்கத்தில் கிடந்தது.